கண்டவர் கோடும் காணாதவர் வண்ணமும்

தொல்விலங்கு ஓவியங்கள் குறித்து ஒரு திறனாய்வு

மனிதர் வரையும் ஓவியங்களுள் பெரும்பாலானவற்றை ஒப்பிட்டுச் சரிபார்க்க இயலும். ஒருவரின் முகத்தை வரைந்தால், அம்முகத்தை அறிந்தவர் ஒத்திருக்கிறது என்றோ ஒத்திருக்கவில்லை என்றோ சொல்லிவிடுவர். மலையை வரைந்தால் மலை அங்கேயே நிற்கிறது. ஆனால், மண்ணுலகிலிருந்து முற்றிலும் மறைந்துபோன விலங்கொன்றை வரையும் ஓவியனை எதைக்கொண்டு அளப்பது? அவன் தீட்டும் உரோமத்தை இன்று வாழ்வோர் எவரும் தொட்டதில்லை. அவன் காட்டும் நடையை எவரும் கண்டதில்லை. எஞ்சியிருப்பவை எலும்புகள் சில மட்டுமே. ஆயினும் அவ்வோவியங்களே பாடநூல்களிலும் கலைக்களஞ்சியங்களிலும் அருங்காட்சியகச் சுவர்களிலும் இடம்பெற்று, மாமூத் என்னும் கம்பளி யானையையும் வாட்பல் பூனையையும் நம் மனக்கண்ணில் நிலைநிறுத்தியுள்ளன.

நம் ஆலயங்களில் நாம் காணும் புனிதர் ஓவியங்களும் ஒருவகையில் காணாத முகங்களின் ஓவியங்களே. திருத்தூதர் பேதுருவின் முகச்சாயலை எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை. எனினும் கையில் திறவுகோலைக் கண்டதும் அவரை அறிந்துகொள்கிறோம். அங்கே ஓவியன் நம்மிடம் வேண்டுவது அடையாளம் கண்டுகொள்ளும் கண்ணைத்தான். அவர் இப்படித்தான் இருந்தார் என்று அவன் சாதிப்பதில்லை. தொல்விலங்கு ஓவியனின் நிலை வேறு. 'இது இவ்வாறே இருந்தது' என்று அவன் படம் உரைக்கிறது. அவ்வுரைக்குப் பின்னால் அறிவியலின் பெயரும் அருங்காட்சியகத்தின் அதிகாரமும் நிற்கின்றன. ஆதலால் அவனிடம் கணக்குக் கேட்க நமக்கு உரிமையுண்டு.

அக்கணக்கை மூன்று கேள்விகளாகப் பகுத்துக்கொள்ளலாம் எனக் கருதுகிறோம். எலும்பு அவனுக்குச் சொன்னது எவ்வளவு? வாழும் உயிர்களிடமிருந்து அவன் கற்றுச் சேர்த்தது எவ்வளவு? தன் காலத்தின் விருப்பத்திலிருந்தும் தன்னை அமர்த்தியவரின் விருப்பத்திலிருந்தும் அவன் அறிந்தோ அறியாமலோ ஏற்றியது எவ்வளவு? சரி, தவறு என்னும் ஒற்றை அளவுகோல் இங்கே போதாது. ஏனெனில் இத்தகைய ஓவியம் ஒவ்வொன்றும் என்றேனும் ஒருநாள் புதிய கண்டுபிடிப்பால் திருத்தப்படும். திருத்தப்பட்ட பின்னும் மதிப்பிழக்காதது எது, மதிப்பிழப்பது எது என்பதே திறனாய்வாளன் கண்டறிய வேண்டியது.

எலும்புக்குப் பணிந்த கோடு

1787-ஆம் ஆண்டு, இன்றைய அர்ஜென்டினாவின் லுஹான் ஆற்றங்கரையில், மனுவேல் தெ தோரஸ் என்னும் தொமினிக்கன் சபைத் துறவி பேரெலும்புகள் சிலவற்றைக் கண்டெடுத்தார். அன்னை மரியாவின் திருத்தலத்தால் புகழ்பெற்ற அதே லுஹான்தான் இது. எலும்புகள் மறு ஆண்டு கப்பலேறி ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகரை அடைந்தன. அவற்றைக் கண்டு வியந்த அரசவை, இவ்வகை விலங்கொன்றை, சிறியதாயினும் சரி, உயிருடன் பிடித்து அனுப்புமாறும், இயலாவிடில் கொன்று வைக்கோல் அடைத்தேனும் அனுப்புமாறும் 1788-இல் ஆணை பிறப்பித்தது. இன்று இது நமக்கு நகைப்பை அளிக்கலாம். ஆனால், ஓர் உயிரினம் எச்சமின்றி அழிந்துபோகக்கூடும் என்னும் எண்ணம் அறிஞரிடையேகூட வேரூன்றாத காலம் அது. படைப்பில் ஒன்று இல்லாமற் போகும் என்பதை மனித மனம் எளிதில் ஏற்கவில்லை.

மாட்ரிடின் அரச இயற்கைப் பொருட்கூடத்தில் ஓவியராகவும், விலங்குகளைப் பாடம் செய்பவராகவும் பணியாற்றிய யுவான் பவுத்தீஸ்தா ப்ரு, அவ்வெலும்புகளைப் பொருத்தி நிறுத்தினார். பின்னர் எலும்பு எலும்பாக வரைந்தார். அச்சுத் தகடுகளில் ஏறிய அப்படங்களின் பிரதிகள் பாரிஸ் நகரை எட்டின. இளம் அறிஞர் ஜார்ஜ் குவியே அந்த எலும்புகளை நேரில் பார்த்ததில்லை. படங்களை மட்டுமே நோக்கி, இது மரங்களில் தலைகீழாகத் தொங்கி மெல்ல நகரும் தென்னமெரிக்க ஸ்லாத் விலங்கின் மாபெரும் உறவு என 1796-இல் அறிவித்து, அதற்கு மெகதேரியம் என்று பெயரிட்டார். பெருவிலங்கு என்பது அச்சொல்லின் பொருள்.

ப்ருவின் படம் கலைநயம் மிக்கது என்று எவரும் சொல்லார். அதில் வானமில்லை, மரமில்லை, தசையில்லை. எலும்புக்கூடு நாற்கால் ஊன்றி விறைத்து நிற்கிறது. அவ்விலங்கு பின்னங்கால்களில் எழுந்து, பருத்த வாலை ஊன்றுகோலாகக் கொண்டு கிளைகளை வளைத்துத் தின்னவல்லது எனப் பிற்கால ஆய்வு உரைக்கிறது. ஆக, நிலை பிழையானது. ஆயினும் ஒவ்வோர் எலும்பின் வளைவையும் ப்ரு பணிவோடு வரைந்திருந்தமையால், நிலையின் பிழையையும் கடந்து குவியேயால் உண்மையை எட்ட முடிந்தது. ஓவியன் தன் அறிவால் சேர்த்தது தவறிவிட்டது. அவன் கண்ணுற்றதைக் கண்ணுற்றவாறே வரைந்தது நிலைத்தது. அவர் பொருத்திய எலும்புக்கூடு இன்றும் மாட்ரிடின் தேசிய இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தில் அதே நிலையில் நிற்கிறது.

அருகிருந்தும் தவறிய படம்

இதற்கு நேர்மாறான ஒரு படம் உண்டு. சைபீரியாவில் லேனா ஆறு கடலோடு கலக்கும் பகுதியில், 1799-இல் ஷுமாகோவ் என்னும் வேட்டையாடி உறைந்த மண்ணில் புதைந்த மாமூத் ஒன்றைக் கண்டார். சில ஆண்டுகளில் பனி உருக, உடல் வெளிப்பட்டது. அவர் தந்தங்களை அறுத்தெடுத்து, ரோமான் போல்துனோவ் என்னும் வணிகருக்கு விற்றார். அவ்வணிகர் வரைந்த மாமூத்தின் படமொன்று ஐரோப்பிய அறிஞரின் கைகளைச் சென்றடைந்தது.

தோலோடும் சதையோடும் கிடைத்த ஒரு தொல்விலங்குக்கு இடத்தாலும் காலத்தாலும் மிக அருகிலிருந்து எழுந்த படம் அது. ஆனால் அதில் காண்பது யானையன்று. பன்றியை ஒத்த ஒன்று. தும்பிக்கை இல்லை. தந்தங்கள் இரு பக்கமும் வெளிநோக்கி வளைந்து கிடக்கின்றன. தும்பிக்கையை ஏற்கெனவே காட்டு விலங்குகள் தின்றுவிட்டிருந்தன. யானையைக் கண்டிராத கை, இல்லாத உறுப்பின் இடத்தைத் தனக்குத் தெரிந்த விலங்கின் மூக்கால் நிரப்பிக்கொண்டது. 1806-இல் மைக்கேல் ஆடம்ஸ் அவ்வெலும்புகளைத் திரட்டிச் சென்ற பின், 1808-இல் அவை பீட்டர்ஸ்பர்க் நகரில் பொருத்தப்பட்டபோதும் தந்தங்கள் இடம் வலமாக மாறி, வெளிநோக்கியே வளைந்தன. அப்பிழை நூல்களின் படங்களில் நெடுங்காலம் தொடர்ந்தது.

அருகில் இருப்பது மட்டும் உண்மையைத் தந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. குறையை ஏதேனும் ஒன்றால் நிரப்பியே தீருவது மனித மனத்தின் இயல்பு. எதைக்கொண்டு நிரப்புகிறோம் என்பதில்தான் ஓவியனின் நேர்மை வெளிப்படுகிறது.

சிவாலிக் குன்றுகளின் விலங்கு

நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு சான்றையும் இங்கே நோக்குவோம். இமயத்தின் அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளில் 1830-களில் ஹியூ ஃபால்கனரும் புரோபி காட்லியும் புதைபடிவங்களைத் திரட்டினர். காட்லி பின்னாளில் கங்கைக் கால்வாயை அமைத்த பொறியாளர். 1836-இல் அவர்கள் விவரித்த விலங்கொன்றுக்குச் சிவபெருமானின் பெயரால் சிவதேரியம் எனப் பெயரிட்டனர். தலையில் கிளைத்த பெருங்கொம்புகளும் பருத்த உடலும் கொண்ட விலங்கு அது.

1846 முதல் 1849 வரை பகுதி பகுதியாக வெளிவந்த சிவாலிக் தொல்விலங்கு நூலுக்கு ஜார்ஜ் ஹென்றி ஃபோர்டு கல்லச்சுப் படங்களை வரைந்தார். மண்டையோட்டின் ஒவ்வொரு விரிசலும், பல்லின் ஒவ்வொரு மேடும் அப்படங்களில் பதிந்துள்ளன. தசையை ஒட்டவைக்கும் துணிவு அவற்றில் இல்லை. ஆகவே அவை பழமையடைந்தும் பொய்க்கவில்லை. ஆனால் சிவதேரியத்துக்குத் தசையும் தோலும் அணிவித்த பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியங்களோ தடுமாறின. மண்டையோட்டில் மூக்கெலும்பின் அமைப்பைக் கண்டு, தும்பிக்கையைப் போலத் தொங்கும் மூக்கை அதற்கு வழங்கினர். இன்றோ அது ஒட்டகச்சிவிங்கியின் குடும்பத்தைச் சேர்ந்தது என அறிகிறோம்.

அப்படியானால் ஃபோர்டைப் போல எலும்போடு நின்றுவிடுவதே அறமா? அவ்வாறு நாம் கருதவில்லை. எலும்பை மட்டும் வரைபவர் பெரிதும் தவறுவதில்லை. ஆனால் விலங்கை நமக்குத் தருவதுமில்லை. ஃபோர்டின் தகட்டின் முன் ஆய்வாளர் நிற்பார்; சிறுவர் நிற்கமாட்டார். எசேக்கியேல் இறைவாக்கினர் கண்ட காட்சியை இங்கே நினைவுகூரலாம். உலர்ந்த எலும்புகள் ஒன்றுசேர, நரம்பும் தசையும் தோலும் படிப்படியாக மூடின. ஆயினும் உயிர்மூச்சு வரும்வரை அவை பிணங்களாகவே கிடந்தன. தொல்விலங்கு ஓவியனும் அதே வரிசையில்தான் செல்கிறான். மூச்சைத் தருவது மட்டும் அவன் கையில் இல்லை. மூச்சு இருந்த ஒன்று இது என்பதை உணர்த்துவதே அவனால் இயன்ற உச்சம். அவ்வுச்சத்தை எட்டியவருள் முதல்வராக சார்ல்ஸ் நைட்டைக் குறிப்பிடுவோம்.

கண்ணாடி ஓவியரின் கண்

சார்ல்ஸ் ஆர். நைட் 1874-இல் நியூயார்க் அருகே புரூக்ளினில் பிறந்தார். பிறவியிலேயே பார்வைக் குறை உடையவர். ஆறு வயதில், விளையாட்டுத் தோழன் எறிந்த கல் அவரது வலக்கண்ணைத் தாக்கியது. பிற்காலத்தில் அவர் கித்தானுக்கு மிக அருகே முகத்தை வைத்தே வரைய நேர்ந்தது. அவருடைய முதல் வேலை, ஆலயங்களுக்கு வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் செய்யும் நிறுவனம் ஒன்றில் வாய்த்தது. அங்கே அவர் சன்னல்களுக்கான விலங்குகளையும் செடிகொடிகளையும் வரைந்தார். ஒளி எங்கிருந்து வருகிறது என்னும் கேள்வியே சன்னல் ஓவியனின் முதற்கேள்வி. நைட்டின் பிற்கால ஓவியங்களில் ஒளி விலங்கின் முதுகில் எவ்வாறு விழுகிறது என்பதில் காணும் கவனம் அங்கே தொடங்கியிருக்கக்கூடும் என்று எண்ண இடமுண்டு.

1894-இல் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் அறிஞர் ஜேக்கப் வொர்ட்மன், எலோதேரியம் எனப்பட்ட விலங்கை வரைந்து தருமாறு நைட்டைக் கேட்டார். பன்றியைப் போன்ற நீண்ட முகம் உடைய அவ்விலங்கு வடஅமெரிக்காவில் வாழ்ந்து அழிந்தது. அதுவே நைட்டின் முதல் தொல்விலங்கு ஓவியம். பன்றியின் உடலமைப்பை அறிந்த அவர் அதற்கேற்பத் தசை அமைத்தார். அவ்வினம் பன்றியைவிட நீர்யானைக்கும் திமிங்கிலத்துக்கும் நெருங்கியது என்று அண்மைக்கால ஆய்வுகள் கூறுகின்றன. நம் இரண்டாம் கேள்விக்கு இங்கே விடை தெளிவு. வாழும் உயிர்களிடம் அவர் கடன் வாங்கினார். கடன் கொடுத்த உயிர் சற்றே மாறிப்போய்விட்டது.

எனினும் நைட்டின் பெருமை அவர் கடன் வாங்கிய முறையில் உள்ளது. அவர் நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்கா விலங்குக் கூடத்தில் அன்றாடம் அமர்ந்து சிங்கத்தையும் யானையையும் வரைந்தார். இறந்த விலங்குகளைப் பாடம் செய்யும் இடங்களில் தோலுக்கு அடியில் தசை ஓடும் விதத்தைக் கற்றார். தொல்விலங்கை வரையுமுன் அதைக் களிமண்ணில் சிறு உருவாக வனைந்து, வெயிலில் வைத்து நிழல் விழும் பாங்கைக் கண்டபின்பே வண்ணத்தைத் தொட்டார். அதன் பயனை நாம் படங்களில் காண்கிறோம். அவருடைய மாமூத்கள் பனியில் நடந்து எங்கோ செல்கின்றன, நமக்காக நடக்கவில்லை. விலங்கு தன் வேலையைப் பார்க்கிறது. நாம் அங்கே இல்லாதிருந்தாலும் அது அவ்வாறே நடந்திருக்கும் என்னும் உணர்வு எழுகிறது.

இவ்வுணர்வு எளிதில் வாய்ப்பதன்று. இவ்வகைப் படங்களுள் பல, விலங்கை எப்போதும் வாய் பிளந்து பாய்வதாகவே காட்டின. வாட்பல் பூனைக்கு உறங்கவும் குட்டியை நக்கவும் நேரமே இருந்ததில்லையோ என்று ஐயுறும் அளவுக்கு அது ஓயாமல் சீறியது. நைட்டும் இவ்வீழ்ச்சியிலிருந்து முற்றிலும் தப்பவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் லா ப்ரேயா தார்க்குழியை அவர் 1921-இல் வரைந்த படத்தில் சீற்றம் உண்டு. ஆனால் அங்கே அதற்குச் சான்றும் உண்டு. தாரில் சிக்கிய இரையைத் தேடி வந்த ஊனுண்ணிகள் தாமும் சிக்கின. அக்குழியில் கிடைத்த பெரும் பாலூட்டிகளின் எலும்புகளில் பத்தில் ஒன்பது பங்கு ஊனுண்ணிகளுடையவை. எலும்பு சொன்ன கதையை ஓவியர் சொன்னார். சான்றின்றிச் சீற வைப்பதும் சான்றோடு சீற வைப்பதும் ஒன்றல்ல.

செக் நாட்டு ஓவியர் ஸ்தெனெக் பூரியானையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1905-இல் பிறந்து 1981-இல் மறைந்த அவர், யோசெப் அவுகுஸ்தா என்னும் தொல்லுயிர் அறிஞருடன் இணைந்து படைத்த நூல்கள் பல மொழிகளில் பரவின. நைட்டிடம் ஒளி என்றால் பூரியானிடம் ஈரம். சேறும் மூடுபனியும் உரோமத்தில் ஒட்டிய பனித்துகளும் அவர் விலங்குகளை ஓரிடத்தில், ஒரு பருவத்தில் நிறுத்துகின்றன. விலங்கை அதன் நிலத்திலிருந்து பிரித்து வரைய இயலாது என்பதை அவர் படங்கள் கற்பித்தன.

கண்டவர்கள்

இதுவரை காணாதவர்களைப் பற்றிப் பேசினோம். மாமூத்தைக் கண்ட ஓவியர்களும் இருந்தார்கள். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் தென்மேற்குப் பிரான்சின் குகைச் சுவர்களில் அவர்கள் வரைந்தார்கள். அவர்களுடைய கோடுகளை நம் காலத்துக்குக் கொணர்ந்தவருள் முதன்மையானவர் அருள்தந்தை ஆன்ரி ப்ரெய். 1900-இல் குருப்பட்டம் பெற்ற அவர், 1901 செப்டம்பரில் நண்பர்களோடு லே கொம்பரேல், ஃபோன் தெ கோம் என்னும் குகைகளின் ஓவியங்களை உலகுக்கு அறிவித்தார். பின்னர் குறுகிய குடைவுகளில் விளக்கொளியில் அமர்ந்து அவற்றைப் படியெடுத்தார். தம் வாழ்நாளில் 700 நாட்களுக்கு மேல் பூமிக்கடியில் கழித்ததாக அவரே கணக்கிட்டுள்ளார்.

அக்குகை மாமூத்கள் சில கோடுகளால் ஆனவை. குவிந்த தலையுச்சி, கழுத்தருகே ஒரு பள்ளம், பின்னோக்கிச் சரியும் முதுகு, சிறிய காது. இவற்றுள் எதையும் எலும்பு மட்டும் முழுமையாகச் சொல்லிவிடாது. காதில் எலும்பே இல்லை. வாலின் அடியில் குளிர் புகாதபடி மூடும் தோல்மடிப்பு ஒன்று மாமூத்துக்கு இருந்தது என்பதை, 1901-இல் சைபீரியாவின் பெரெசோவ்கா ஆற்றருகே தோண்டியெடுத்த உறைந்த உடல் மெய்ப்பித்தது. அம்மடிப்பைக் குகை ஓவியர் சிலர் முன்னரே வரைந்து வைத்திருந்தனர்.

பேருருவ ஐரிஷ் மானின் செய்தியும் அத்தகையதே. மூன்றரை மீட்டர் வரை அகன்று விரிந்த கொம்புகளை உடைய அம்மானைப் பழைய ஓவியங்கள் பெரும்பாலும் செம்மானின் பெரிய வடிவமாகவே காட்டின. ஆனால் கூன்யாக் குகையிலும், 1994-இல் கண்டறியப்பட்ட ஷோவே குகையிலும் உள்ள ஓவியங்களில் அதன் தோள்மேல் திமில் எழுந்து நிற்கிறது. உடலில் கரிய வரி ஓடுகிறது. கொழுப்பும் நிறமும் மண்ணில் நிலைப்பதில்லை. அவற்றைக் காத்தது கண்ட மனிதனின் கோடு மட்டுமே.

படியெடுத்தவரையும் நம் கேள்விகளிலிருந்து விலக்க வேண்டியதில்லை. அருள்தந்தை ப்ரெய் மங்கிய கோடுகளைச் சில இடங்களில் தம் ஊகத்தால் நிறைவு செய்தார் என்பது ஆய்வாளர் கூற்று. த்ருவா ஃப்ரேர் குகையில் அவர் வரைந்து காட்டிய கொம்புடைய மனித உருவில், நிழற்படங்கள் கொம்புகளைத் தெளிவாகக் காட்டவில்லை என்னும் வாதம் தொடர்ந்து நடைபெற்றுள்ளது. அன்போடும் அறிவோடும் படியெடுப்பவர் கையிலும் சேர்க்கை நுழைந்துவிடுகிறது.

ஒரே ஓவியத்தில் இரு நீதி

குகையின் கோடும் நைட்டின் வண்ணமும் ஒன்றையொன்று சந்தித்த ஓர் ஓவியம் உண்டு. 1920-இல் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக அவர் தீட்டிய சுவரோவியம் அது. ஃபோன் தெ கோம் குகைக்குள், கல்விளக்கின் ஒளியில், குரோமஞ்ஞன் மாந்தர் மாமூத்களின் அணிவகுப்பைச் சுவரில் வரைகின்றனர். ஓவியர் ஓவியரை வரைந்த ஓவியம். காணாதவர் கண்டவருக்குச் செலுத்திய வணக்கம். இவ்வகைப் படங்களுள் இதைவிட உள்ளத்தைத் தொடும் கருத்தை நாம் அறியோம்.

அதிலுள்ள மாமூத்கள் உண்மையானவை. நைட் அவற்றைப் புதிதாகக் கற்பிக்கவில்லை. குகைச் சுவரின் கோட்டையே பின்பற்றினார். அருங்காட்சியகத்தின் தலைவரான ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஓஸ்பார்ன் 1912-இல் அக்குகைகளை அருள்தந்தை ப்ரெய் போன்றோரின் வழிகாட்டலில் சுற்றிப் பார்த்தவர். அவருடைய 1915-ஆம் ஆண்டு நூலின் வழியே அக்கோடுகள் அமெரிக்காவில் அறிமுகமாயின.

அதிலுள்ள மனிதரோ? அவர்களைக் குறித்துக் குகைச் சுவர் ஏதும் உரைக்கவில்லை. மாமூத்தை வரைந்தவர் தம்மை வரையவில்லை. அந்த வெற்றிடத்தில் நுழைந்தது ஓஸ்பார்னின் விருப்பம். குரோமஞ்ஞன் மாந்தரை ஐரோப்பிய உயர்குடியின் மேன்மைமிகு மூதாதையராகக் காண அவர் விரும்பினார். ஓவியத்தில் அவர்கள் ஐரோப்பிய முகவெட்டும் செதுக்கிய உடற்கட்டும் கொண்டு நிற்கின்றனர். அதே வரிசையில் நைட் வரைந்த நியாண்டர்தால் மனிதரோ முழங்கால் மடங்கிக் கூனி நிற்கின்றனர். அக்கூனலுக்கு மூலம், 1908-இல் பிரான்சின் லா ஷாப்பெல் ஓ சேன் என்னுமிடத்தில் குருக்கள் மூவர் கண்டெடுத்த எலும்புக்கூட்டைப் பற்றி மார்செலின் பூல் எழுதிய விளக்கம். அவ்விளக்கம் பிழையானது என்றும், நியாண்டர்தால் மனிதர் நம்மைப் போலவே நிமிர்ந்து நடந்தவர் என்றும் 1957-இல் நிறுவப்பட்டது. வெண்மையான தோல் ஐரோப்பாவில் பரவியது பனியுகம் முடிந்து நெடுங்காலத்துக்குப் பின்னரே என்பதை இந்நூற்றாண்டின் மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன.

இது வெறும் உடற்கூற்றுப் பிழையாக நின்றிருந்தால் நாம் இவ்வளவு சொல்லியிருக்கமாட்டோம். 1921-இல் அதே அருங்காட்சியகத்தில் இரண்டாவது அனைத்துலக இனமேம்பாட்டியல் மாநாடு கூடியது. உயர்ந்தோர் எனக் கருதப்பட்டோர் பெருகவும், தாழ்ந்தோர் எனக் கருதப்பட்டோர் குறையவும் வழி தேடிய இயக்கம் அது. அதன் தலைவராக அமர்ந்தவர் ஓஸ்பார்ன். வடஐரோப்பியரே உயர்ந்த இனம் என வாதிட்ட மாடிசன் கிராண்டின் 1916-ஆம் ஆண்டு நூலுக்கு முன்னுரை வழங்கியவரும் அவரே. 1924-இல் அமெரிக்கா இயற்றிய குடியேற்றச் சட்டம் தென் ஐரோப்பியர், கிழக்கு ஐரோப்பியர் வருகையைக் கடுமையாகச் சுருக்கியது. ஆசியருக்கு ஏறத்தாழ முற்றிலும் கதவடைத்தது. ஓவியம் சட்டம் இயற்றியது என்று நாம் கூறவில்லை. ஆனால் மனிதரை ஏணிப்படிகளில் நிறுத்திப் பார்க்கும் கண்ணைப் பழக்கிய கூடத்தில் அவ்வோவியமும் தொங்கியது. நைட்டின் உள்ளத்தில் இருந்தது யாது என்று தீர்ப்பிடவும் நாம் முற்படவில்லை. படத்தில் இருப்பதை மட்டுமே சொல்கிறோம்.

ஆகவே அவ்வோவியத்தைக் குறித்து நம் முடிவு இது. ஒரே கித்தானில் ஒரே கை இரு நீதி வழங்கியுள்ளது. விலங்குக்கு முன் அக்கை பணிந்தது, சான்று கேட்டது, ஆதலால் விலங்கு இன்றும் பொய்க்கவில்லை. மனிதன் என்று வந்ததும் அது சான்று கேட்பதை நிறுத்திக்கொண்டது. அமர்த்தியவர் காண விரும்பியதைக் காட்டியது. ஆதலால் மனிதன் பொய்த்துவிட்டான். நைட்டின் திறமை இரு இடத்திலும் ஒன்றே. குறைந்தது திறமையன்று, பணிவு.

மறைந்தவையும் இருப்பவையும்

மாமூத்கள் பெருநிலப்பகுதிகளிலிருந்து ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்தன. ஆர்க்டிக் கடலின் ராங்கல் தீவில் சிறு கூட்டமொன்று சுமார் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்வரை தாக்குப்பிடித்தது. எகிப்தின் பெரும் பிரமிடு எழுந்த காலத்தில் மாமூத் உயிரோடிருந்தது என்பதே அதன் பொருள். தட்பவெப்ப மாற்றம் எவ்வளவு, மனிதனின் ஈட்டி எவ்வளவு என்று அறிஞர் இன்னும் வாதிடுகின்றனர். ஈட்டிக்குப் பங்கே இல்லை என்பார் மிகச் சிலரே.

பழைய தொல்விலங்கு ஓவியங்களில் பெரும்பாலானவை இவ்வழிவைக் காட்டவில்லை. அவை விலங்கின் வலிமையின் உச்சத்தைக் காட்டின. கடைசி விலங்கை, துணையின்றித் தனித்து நின்ற ஒன்றை, வரைய முன்வந்தவர் அரியர். இது அக்கலையின் பெருங்குறை என்று நாம் எண்ணுகிறோம். அழிந்ததை உயிர்ப்பித்துக் காட்டும் ஓவியம், அழிந்தது என்னும் செய்தியையே மறக்கடித்துவிடக் கூடாது. மாட்ரிட் அரசவை உயிருள்ள மெகதேரியத்தைக் கேட்டது, இழப்பு என்பதை அறியாததால். நாமோ அறிந்தவர்கள். வடக்கத்திய வெள்ளைக் காண்டாமிருகத்தின் கடைசி ஆண் 2018-இல் கென்யாவில் இறந்தது. அதன் நிழற்படங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. நாளைய ஓவியனுக்கு உரோமத்தின் நிறத்தில் ஐயம் எழாது. ஆனால் நிழற்படம் அந்த விலங்கைத் திரும்பத் தந்துவிடாது.

இனி, பிள்ளைகளின் பாடநூலிலோ கலைக்களஞ்சியத்திலோ இத்தகைய படமொன்றைக் காணும் பெற்றோரும் ஆசிரியரும் அம்மூன்று கேள்விகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து கேட்டுப்பார்க்க வேண்டுகிறோம். இதில் எலும்பு சொன்னது எது? உயிருள்ள விலங்கிடம் கற்றது எது? வரைந்தவர் காண விரும்பியது எது? கேட்பதால் படத்தின் அழகு குறைந்துவிடாது. நைட்டின் மாமூத்கள் அக்கேள்விகளுக்குப் பின்னும் பனியில் நடந்துகொண்டுதான் இருக்கும். அவற்றைப் பார்த்த கண்ணோடு நம் காட்டில் நடக்கும் யானையைப் பார்த்தால், அது இன்னும் இருக்கிறது என்பதே நமக்குப் புதிய செய்தியாகத் தோன்றும்.